பால்கோவாவுக்குள் ஒரு பருத்திக்காடு… தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், பால்கோவா. ராஜபாளையம் என்றால் மில்லு, சப்பட்டை மாம்பழம், வெள்ளை நாய். இப்படித்தானே பட்டியல் போடுவோம்?

இரண்டு ஊருக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்தை ஒட்டி மேற்கே புலி உலவும் மலை, அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், அதற்குக் கீழே கண்மாயும் நெல்வயலும், கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல்! இந்த ஊர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பொருட்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, அது வந்த வழியே பின்னால் நடந்து பாருங்கள். கடைசியில் ஒரு வயலில்தான் போய் நிற்பீர்கள். அதைவிடப் பெரிய ஆச்சரியம், ஒரு வயலில் மிஞ்சியது இன்னொன்றுக்குத் தீனியாகிக்கொண்டே போகிறது! மலை உச்சியிலிருந்து தொடங்குவோமா?

1. புலிக்கும் புழுங்கலரிசிக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. நாட்டில் 51-வது, தமிழ்நாட்டில் 5-வது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1988-இல், இந்த மலைச்சரிவு சாம்பல் நிற அணில்களின் சரணாலயம் ஆகிவிட்டது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத அணில் இது! தரையில் இறங்க அதற்குப் பிடிக்காது. மரத்துக்கு மரம் தாவியே வாழ்க்கையை ஓட்டும். அதனால் கிளையோடு கிளை கோத்த காடு அதற்கு வேண்டும்.

அப்படிக் கோத்த காட்டில் என்ன நடக்கும்? மழை நேராகத் தரையை அறையாது. இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, சருகில் ஊறி, மண்ணுக்குள் இறங்கும். பிறகு ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும். மழை நின்று நாட்கள் கழிந்த பிறகும் மலையோடைகளில் சலசலப்பு கேட்பது இதனால்தான். அணிலுக்காகவும் புலிக்காகவும் காத்த காடு, கீழே இருக்கும் நெல்லுக்குத் தண்ணீர்த்தொட்டி! ராஜபாளையத்துக்காரர்கள் குடிக்கும் ஆறாம் மைல் நீர்த்தேக்கத் தண்ணீரும் இதே மலை கொடுத்ததுதான்.

2. ஒரு கண்மாயின் மிச்சம் இன்னொரு கண்மாயின் வரவு, தெரியுமா?

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். வருடம் முழுவதற்குமான தண்ணீரைச் சில வாரங்களில் பிடித்து வைத்தாக வேண்டும்! அதற்குத்தான் கண்மாய்.

வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். (முல்லைப் பெரியாறு வேறு, இந்தப் பெரியாறு வேறு!) அங்கிருந்து வரும் தண்ணீர் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு போகும். மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ்க்கண்மாய்க்காரருக்குக் கொண்டாட்டம். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ள ஊருக்கு ஊர் நீர்பாய்ச்சி இருந்தார். அவருக்குக் கூலி, அறுவடையில் நெல்!

கண்மாய் வற்றினாலும் வீணில்லை. தரையில் படிந்த வண்டலை அள்ளி வயலில் போட்டால் அதுவே உரம். கண்மாயும் ஆழமாகும், வயலும் செழிக்கும்.

3. நெல்லும் பூக்கும், அதுவும் ஒரு மணி நேரம்தான், தெரியுமா?

சோறு சாப்பிடும் எத்தனை பேர் நெற்பூவைப் பார்த்திருப்போம்? வத்திராயிருப்பு வயல்களில் கதிர் வெளிவந்ததும் ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் போய்ப் பாருங்கள். உமி இரண்டும் மெல்ல விரியும். உள்ளிருந்து மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்! அந்தப் பூ இனி ஒருபோதும் திறக்காது. தேனீயும் வேண்டாம், வண்டும் வேண்டாம், பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும்.

அதன் பிறகு ஒவ்வொரு மணியும் பால் பிடிக்கும். நசுக்கினால் வெள்ளைப் பாலே வரும். அந்தப் பால் இறுகித்தான் அரிசி. பூ விரியும் அந்த ஒரு மணி நேரத்தில் கடும் வெயிலோ பேய்மழையோ வந்தால் மணி பதராகிவிடும். நாலு மாத உழைப்பு ஒரு முற்பகலில் தொங்குகிறது!

4. தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் உண்டு, தெரியுமா?

கிழக்கே நடந்தால் மண்ணின் நிறம் கறுக்கிறது. கரிசல்! இந்த மண்ணில் இருக்கும் களி தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல்காட்டில் வெடித்திருக்கும் பிளவுக்குள் கையே நுழையும். மேல்மண்ணும் சருகும் அந்தப் பிளவுகளில் சரிந்து உள்ளே போகும். புரட்டாசி மழை விழுந்ததும் மண் உப்பிப் பிளவு மூடும். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே! ஏர் இல்லாமல், மாடு இல்லாமல் ஓர் உழவு!

இன்னொரு வித்தை: குடித்த தண்ணீரைக் கரிசல் லேசில் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையின் ஈரத்தை வைத்துக்கொண்டு, மழையே இல்லாத மாசி மாதத்திலும் மானாவாரிப் பருத்தியைக் காய்க்க வைத்துவிடும்.

5. ஒரு கரண்டி மண்ணில் எத்தனை உயிர், தெரியுமா?

வளமான மண்ணை ஒரு மேசைக்கரண்டி எடுத்தால், அதில் உலக மக்கள்தொகையைவிட அதிகமான உயிர்கள்! பாக்டீரியா, பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத புழுக்கள்… கரிசலில் பருத்திக்கு ஊடுபயிராக உளுந்தும் பாசிப்பயறும் போடுகிறார்களே, அந்தச் செடியின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிக் கொடுக்கின்றன. சின்ன அளவில் ஓர் உரத் தொழிற்சாலை, புகையும் இல்லை, மின்கட்டணமும் இல்லை!

6. மனிதன் பிறக்கும் முன்பே பருத்திக்குக் கலப்புமணம் நடந்துவிட்டது, தெரியுமா?

உலகத்தில் மனிதர் பயிரிடும் பருத்தி இனங்கள் நான்கே நான்கு. நான்கையும் வளர்க்கும் பெருமை இந்தியாவுக்கு! தென்மாவட்டக் கரிசலின் சொந்தப் பிள்ளை கருங்கண்ணி. நாட்டுப் பருத்தி, பாசனம் கேட்காது, வறட்சிக்கு அஞ்சாது. இழை மட்டும் கொஞ்சம் குட்டை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீள இழை கொண்ட கம்போடியாப் பருத்தி இங்கே வந்து இறங்கியது. பிறகு வந்த 'எம்.சி.யூ.' ரகங்களின் பெயரிலேயே பூகோளம் இருக்கிறது: மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா!

இதைவிடப் பெரிய கதை ஒன்று. நம் நாட்டுப் பருத்தியின் செல்லில் 26 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்தியில் 52. எப்படி இரட்டிப்பானது? பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன், பழைய உலகத்துப் பருத்தியின் உறவுக்காரி ஒருத்தியின் விதை எப்படியோ கடல் தாண்டி அமெரிக்கக் கரையில் ஒதுங்க, அங்கிருந்த காட்டுப் பருத்தியோடு கலந்து பிறந்ததுதான் அது. இன்று உலகச் சந்தையை ஆளும் பருத்தியின் உடம்பில் பாதி நம் பக்கத்து ரத்தம்!

7. நாம் உடுத்தும் பஞ்சிழை, ஒரே ஒரு செல், தெரியுமா?

பருத்திப் பூ காலையில் வெளிர் மஞ்சளாக விரியும். மறுநாள் பார்த்தால் அதே பூ இளஞ்சிவப்பு! கருவுற்ற அதே நேரத்தில் உள்ளே ஓர் அதிசயம் தொடங்குகிறது. விதையின் தோலில் இருக்கும் செல்கள் சில நீள ஆரம்பிக்கும். நீண்டு, நீண்டு, இரண்டரை சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் வரை போகும். அகலத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் நீளம்! ஒவ்வொரு இழையும் ஒரு தனிச் செல். ஒரு விதையில் இப்படிப் பத்தாயிரத்துக்கு மேல்.

ஏறத்தாழ ஐம்பது நாளில் காய் வெடிக்கும். வெயிலில் காய்ந்த இழை, காற்றுப்போன சைக்கிள் டியூப் மாதிரி தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு இருப்பதால்தான் இழையும் இழையும் ஒன்றை ஒன்று கவ்வி நூலாகிறது.

பருத்தி எடுக்கும் பெண்கள் ஏன் விடிந்ததும் காட்டுக்குப் போகிறார்கள்? வெயிலுக்குப் பயந்து மட்டுமா? இல்லை! பனி ஈரத்தில் காயைச் சுற்றியுள்ள சருகு மெத்தென்றிருக்கும். வெயில் ஏறினால் அது நொறுங்கிப் பஞ்சில் தூசியாக ஒட்டும். தூசி ஒட்டினால் விலை இறங்கும். மில்லில் எந்திரம் கண்டுபிடிக்கும் தரத்தை, அந்தக் கைகள் காட்டிலேயே தீர்மானித்துவிடுகின்றன.

8. பருத்தி எடையில் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சே இல்லை, தெரியுமா?

காட்டிலிருந்து வரும் 100 கிலோ பருத்தியை ஜின்னிங் எந்திரத்தில் போட்டால் வெளியே வரும் பஞ்சு ஏறத்தாழ 35 கிலோதான். மீதி? பருத்திக்கொட்டை! எண்ணெய் எடுக்கலாம். எடுத்தபின் கிடைக்கும் பிண்ணாக்கு மாட்டுக்கு. கொட்டையையே ஊறவைத்து அரைத்து வைத்தாலும் கறவை மாடு ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. மனிதர்களும் சளைத்தவர்கள் இல்லை. கொட்டையை அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் கொதிக்க வைத்தால் பருத்திப்பால். செடியிலும் எதுவும் வீணாகாது: காய்ந்த பருத்திமார் அடுப்புக்கு விறகு. ஊருக்குச் சட்டை, மாட்டுக்குத் தீனி, வீட்டுக்கு எண்ணெய், அடுப்புக்கு நெருப்பு… எல்லாம் ஒரே செடியில்!

9. பால்கோவாவைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத கூட்டம், தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. சேர்மானம் இரண்டே இரண்டு: பால், சர்க்கரை. ஆனால் பாலுக்குப் பின்னால் நிற்கும் படையைப் பாருங்கள்!

வைக்கோலை மாட்டால் தானாகச் செரிக்க முடியாது. அதன் வயிற்றில் நான்கு அறைகள். முதல் பெரிய அறையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் வைக்கோலைப் புளிக்கவைத்து உடைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன. நமக்கு எந்தப் பயனும் இல்லாத நெல்தாள், மாட்டின் வயிற்றுக்குள் போய்ப் பாலாகிறது! ஒரு லிட்டர் பால் கறக்க மாடு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும்.

கறந்த பாலிலும் 87 சதவீதம் தண்ணீரே. பத்து லிட்டர் பாலில் திடப்பொருள் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. மீதித் தண்ணீரைத்தான் அடுப்பில் வைத்துக் கிண்டிக் கிண்டி ஆவியாக்குகிறார்கள். கைவிடாமல் கிண்டினால்தான் அடிப்பிடிக்காது. சூட்டில் பாலின் புரதமும் பால்சர்க்கரையும் கூடும்போது வருவதுதான் அந்த நிறம், அந்த மணம்.

இப்போது கணக்குப் போடுங்கள். மலையில் காடு, காட்டிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து கண்மாய், கண்மாயிலிருந்து நெல், நெல்லிலிருந்து வைக்கோல், கரிசலிலிருந்து பருத்திக்கொட்டை, கரும்பிலிருந்து சர்க்கரை. இத்தனையும் சேர்ந்து ஒரு வெண்காகிதத்தில் மடித்து நம் கைக்கு வருகிறது!

10. ஒரு கிலோ நூல் ராஜபாளையத்திலிருந்து மதுரையைத் தாண்டும், தெரியுமா?

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். மலையடிவார ஊர் நூல் ஊரானது. நூலின் நம்பர் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் தேறுகிறதோ அதுதான் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

60-ஆம் நம்பர் நூலை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவின் நீளம் 101 கிலோமீட்டருக்கு மேல்! ராஜபாளையம் பஸ் நிலையத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், திருமங்கலம் எல்லாம் தாண்டி, மதுரையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம். அத்தனையும் ஒரு கிலோ பஞ்சு!

11. பருத்தி தண்ணீரைக் குடிக்காது, தெரியுமா?

"என்னது? பஞ்சு தண்ணீரை உறிஞ்சாதா?" என்று கேட்காதீர்கள். செடியிலிருந்து எடுத்த பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும்! இழையின் மேல் இயற்கையே பூசிய மெழுகு இருக்கிறது. மழைக்குச் செடி வைத்திருக்கும் குடை அது. காரம் சேர்த்த தண்ணீரில் வேகவைத்து, வெளுத்து, மெழுகை நீக்கிய பிறகுதான் பஞ்சு 'மருத்துவப் பஞ்சு' ஆகிறது. ரத்தத்தை நொடியில் உறிஞ்சுகிறது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் வீதிக்கு வீதி தறிச்சத்தம். அங்கே நெய்வது சேலை இல்லை, வேட்டி இல்லை. பேண்டேஜ் துணி! எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், யாரோ ஒருவரின் காயத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் துணி இந்தத் தெருக்களிலிருந்து போனதாக இருக்கலாம். வேளாண்மை பசியை மட்டுமா ஆற்றுகிறது? புண்ணையும் ஆற்றுகிறது!

12. ஆயிரம் பூவில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம், தெரியுமா?

மாம்பூங்கொத்து ஒன்றில் ஆயிரக்கணக்கான பூக்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்பூக்கள், அவை காய்க்கவே காய்க்காது. மிஞ்சியவற்றிலும் பிஞ்சு பிடித்து, வடுவாகி, காற்றுக்கும் பூச்சிக்கும் தப்பி, பழமாகப் பழுப்பது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. மாம்பூவுக்கு மகரந்தம் சுமக்கும் வேலையில் முக்கியப் பங்கு யாருக்கு? நாம் விரட்டியடிக்கும் ஈக்களுக்கு!

ராஜபாளையத்தின் பெயரைச் சுமக்கும் சப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையை நட்டால் அதே சப்பட்டை வரும் என்று உறுதி சொல்ல முடியாது. பூவில் யார் மகரந்தம் சேர்ந்ததோ யாருக்குத் தெரியும்? அதனால்தான் தாய்மரத்துக் கிளையை வெட்டி ஒட்டுக்கட்டுகிறார்கள். அப்படியானால் ஒட்டுக்கன்று ஒவ்வொன்றும் தாய்மரத்தின் உடம்பே! பாட்டன் ருசித்த அதே மரத்தின் நீட்சியைப் பேரன் ருசிக்கிறான்.

13. தென்னைக்கு மூன்றரை வருட ஞாபகம், தெரியுமா?

தென்னை ஏறத்தாழ மாதம் ஒரு மட்டை, மாதம் ஒரு பாளை என்று விடும். பாளை வெடித்துக் குரும்பை காயாக முற்ற ஒரு வருடம். ஆனால் அந்தப் பாளை மரத்துக்குள் கருவாக உருவானது எப்போது? வெடிப்பதற்கு இரண்டரை வருடத்துக்கும் முன்பு! மொத்தம் கூட்டினால் 44 மாதம். இந்த வருடம் தண்ணீர் இல்லாமல் மரம் வாடினால், அந்த அடி மூன்று வருடம் கழித்தும் காய் எண்ணிக்கையில் தெரியும். "நல்லாத்தானே தண்ணி பாய்ச்சினேன், ஏன் காய் குறையுது?" என்று குழம்பும் தோப்புக்காரருக்கு விடை, மறந்துபோன ஒரு கோடையில் இருக்கிறது!

14. ஆண்டாள் கையில் இருக்கும் கிளி உலகம் சுற்றியது, தெரியுமா?

பன்னிரு ஆழ்வார்களில் இரண்டு பேரைத் தந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வார் செய்த தொண்டு நந்தவனம் காத்துப் பூ கட்டுவது. ஆண்டாளைக் கண்டெடுத்ததும் அந்தத் தோட்டத்துத் துளசியடியில் என்பது ஐதீகம். இன்றும் இங்கிருந்து போகும் மாலைதான் திருப்பதி பிரம்மோற்சவத்தில் பெருமாளுக்குச் சாத்தப்படுகிறது. தோட்டக்கலைக்கு இதைவிட என்ன மரியாதை?

ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம் பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடல், நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சேர்ந்து இறகு, அரளி மொட்டில் வால், கட்டுவதற்கு வாழைநார். ஒவ்வொன்றின் பிறந்தகத்தையும் கேளுங்கள். மாதுளை ஈரானை ஒட்டிய நிலங்களைச் சேர்ந்தது. மரவள்ளி தென் அமெரிக்காக்காரி! வாழையை முதலில் வளர்த்துப் பழக்கியது நியூ கினித் தீவு. கண்டம் கண்டமாக மனிதர் கைமாற்றிய செடிகள் ஒரு கிளிக்குள் சங்கமம்!

15. ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரில் எள்ளும் பருத்தியும் உண்டு, தெரியுமா?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. இங்கிருந்து வந்த ரகங்களுக்கு 'எஸ்.வி.பி.ஆர்.' என்று ஊரின் பெயரே முன்னெழுத்து. 'எஸ்.வி.பி.ஆர். 2' பருத்தி 1996-இல் வந்தது. 'எஸ்.வி.பி.ஆர். 1' என்று வெள்ளை எள்ளும் உண்டு. எள்ளோ இந்தியத் துணைக்கண்டத்திலேயே முதன்முதலில் பயிரானது. உலகின் மிகப் பழைய எண்ணெய்வித்துகளில் ஒன்று.

16. தோப்புக் காவல்காரருக்குத் தபால்தலை, தெரியுமா?

பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு! ராஜபாளையம் நாய், காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த இனம். மலையடிவாரத்தில் விவசாயம் என்றால் பன்றிக்கும் யானைக்கும் பங்கு போக மிச்சம்தான் வீட்டுக்கு. அங்கே காவல் இல்லாமல் அறுவடை ஏது? இந்திய அஞ்சல் துறை 2005-இல் நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ஒன்றில் இவர் கம்பீரமாக நின்றார்.

17. உலகத்துக்கே சோறு போடுவது ஒன்பது பயிர், தெரியுமா?

மனிதன் தின்னத்தக்க செடிகொடிகள் பல ஆயிரம். ஆனால் உலகில் விளையும் மொத்தப் பயிரின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்பதே ஒன்பதிலிருந்து வருகிறது! கரும்பு, மக்காச்சோளம், நெல், கோதுமை, உருளைக்கிழங்கு, சோயா, எண்ணெய்ப்பனை, சர்க்கரை பீட்ரூட், கூடவே நம் ஆண்டாள் கிளியின் மரவள்ளி! மனிதர் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் 70 சதவீதம் வேளாண்மைக்கே. இந்தியாவில் வேலை செய்யும் 100 பேரில் சுமார் 45 பேர் இந்தத் தொழிலில்.

மனிதன் விதைக்கக் கற்று ஏறத்தாழ 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் லட்சக்கணக்கான ஆண்டுகள் தேடித் தின்றே அலைந்தான். எல்லாரும் இரை தேடும் ஊரில் தட்டார் யார், தச்சர் யார், பாட்டுக் கட்டுபவர் யார்? ஒருவர் விளைவித்தது தன் வீட்டுக்குப் போக மிஞ்சியபோதுதான் மற்றவர்கள் வேறு வேலை பார்க்க முடிந்தது. வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில், விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருட்களும் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. வளையல் அறுத்த கைக்கும் நூல் நூற்ற கைக்கும் யாரோ ஒருவர் தானியம் விளைவித்துக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரமும் அப்படித்தான் எழுந்தது. 192 அடி உயரம் ஏறிய கல்லுக்கும் சுதைக்கும் கீழே, அடிமானமாக இருந்தது உபரி நெல்!

18. உங்கள் சட்டைப் பையில் இருப்பதும் பருத்தி, தெரியுமா?

ரூபாய் நோட்டை எடுத்துத் தடவிப் பாருங்கள். சட்டையோடு துவைத்தாலும் கரையாமல் வருகிறதே, ஏன்? அது மரக்கூழ்க் காகிதம் இல்லை. ரிசர்வ் வங்கியே சொல்கிறது: நோட்டுத் தாள் முழுக்க முழுக்கப் பருத்தி! நூற்பாலைகளில் பஞ்சைச் சீவும்போது ஒதுங்கும் குட்டை இழைகள் இந்தத் தாளுக்குப் போகின்றன. மில்லில் மிஞ்சியது, ரிசர்வ் வங்கியில் பணம்!

2025–26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். கரிசல்காட்டு விவசாயி ஒரு குவிண்டால் பருத்தியைக் கொடுத்துவிட்டு, எண்ணி வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போவதும் பருத்தியே! ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம். நோட்டை எந்த மாதத்திலும் அச்சடித்துக்கொள்ளலாம். பருத்திக்குப் புரட்டாசி மழை வந்தாக வேண்டும், விதைக்க ஓர் ஆள் காட்டுக்கு இறங்கியாக வேண்டும்.